கழுத்துச் சொடக்கு

டாக்டர் சொன்னதில் எனக்குப் பதிந்தது ஒன்றுதான். "கழுத்தை யாரும் திருப்பக் கூடாதும்மா. தடவி விடுறேன், எடுத்து விடுறேன்னு எவன் வந்தாலும் கிட்ட சேர்க்காதீங்க. ஒரு திருகு போதும், கை காலே விளங்காமப் போயிரலாம்."

அந்த எவன், என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கட்டின புருஷன். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். வெட்டி முடித்ததும் மோவாயில் ஒரு கை, பின்மண்டையில் ஒரு கை வைத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று சொடக்கு எடுத்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. அதற்காகவே வருகிறவர்களும் உண்டு.

மாத்திரை, கழுத்துப்பட்டை, உடற்பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. ஊசி போட்டால் வலி மட்டுப்படலாம், ஆனால் தண்டுவடம் நசுங்குவது நிற்காது என்றார் டாக்டர். மிச்சம் ஆபரேஷன்தான். முன்கழுத்தைக் கீறி, பிதுங்கிய ஜவ்வை எடுத்துவிட்டு என்று அவர் ஆரம்பித்தபோதே நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நானோ தையல்காரி. ஊசி பிடித்த விரலுக்கு இப்போது பித்தான் மாட்ட வரவில்லை. செருப்பு காலில் இருக்கிறதா, கழன்றுவிட்டதா என்றே தெரிவதில்லை. ஆனாலும் கழுத்தில் கத்தி வைக்க நான் என்ன ஆடா, கோழியா?

"பண்ணிக்கலாம்மா" என்று இவர் தினமும் கெஞ்சினார்.

"வீட்டுல ஒரு கத்திக்காரர் போதும். இன்னொருத்தர் வேற எதுக்கு?" என்று வாயை அடைத்துவிடுவேன்.

கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. முடியைக் குட்டையாக வெட்டிவிடுவது என்று முடிவானது. கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். காத்திருந்தவர் எலக்ட்ரீஷியன் ஒருவர்தான். வாயிலும் கரண்ட் ஓடுகிற ஆள்.

இவர் என் கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணியைப் போர்த்தினார். முதலில் பச்சைக் குழந்தையைத் தொடுகிற மாதிரிதான் தொட்டார். எலக்ட்ரீஷியன் லிஃப்டில் தன் முதலாளியோடு மாட்டிக்கொண்ட கதையை எடுத்துவிட்டார். இவர் சிரிக்கச் சிரிக்கக் கத்தரிக்கோல் பழைய வேகத்துக்கு வந்தது. பிரஷ்ஷால் தட்டினார், பவுடர் போட்டார். கண்ணாடியில் குட்டை முடியோடு நான் நன்றாகத்தான் இருந்தேன்.

அப்போது ஒரு உள்ளங்கை என் மோவாயில் வந்து உட்கார்ந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். இவர் முகம் எலக்ட்ரீஷியன் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தது. இன்னொரு கை பின்மண்டையில் விரிந்தது. கைகள் தாமாகவே வந்துவிட்டன. தலையை இழுத்தால் அதுவே திருகல். கத்தினால் அவர் திடுக்கிடுவார். விரல்கள் இறுகின. தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. தோளிலிருந்து விரல் நுனி வரை சுரீரென்று இறங்கியது.

"என்னங்க" என்றேன். அவ்வளவு மெதுவாக நான் ஜென்மத்தில் பேசியதில்லை. "நான்தாங்க."

கண்ணாடிக்குத் திரும்பினார். சிரித்த வாய் மூடவில்லை. கையையும் எடுக்கவில்லை. எடுத்தால் கழுத்து அசைந்துவிடுமோ என்று பயந்துவிட்டார். அவர் கை நடுங்க, என் தலையும் கூடவே நடுங்கியது. அந்த நடுக்கத்துக்குத்தான் நான் செத்துப் பிழைத்தேன்.

"என்னண்ணே, சொடக்கு எடுக்கலையா?" என்றார் எலக்ட்ரீஷியன், ஒன்றும் புரியாமல்.

"கையை மெதுவா எடுங்க" என்றேன் இவரிடம். "மொதல்ல மோவாய்க் கை. அவசரமில்ல."

ஒவ்வொரு விரலாக எடுத்தார். பட்டையை மாட்டிவிட்டு அப்படியே தரையில், வெட்டின என் முடி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மறந்துட்டேம்மா" என்றார். "நீதான்னு மறந்துட்டேன்."

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "டாக்டருக்கு போன் போடுங்க. தேதி கேளுங்க" என்றுதான் வந்தது.

போனை எடுத்தார். விரல் நடுக்கத்தில் எண் தப்பித் தப்பி விழுந்தது. என்னிடம் நீட்டினார். எனக்கு விரலே வசத்தில் இல்லை. கடைசியில் எலக்ட்ரீஷியன்தான் வாங்கி, இவர் சொல்லச் சொல்ல எண்ணைப் போட்டு, என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.