பதினாறில் ஒன்று

வலியசாலை அக்ரகாரத்தில் ஒரு காலத்தில் காதலின் விலை பதினாறில் ஒன்று. அதை நிர்ணயித்தவள் சீதாலக்ஷ்மி. அப்போது புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தாள். அத்தை பிள்ளை ராமசுப்ரமணியன், கோவில் வாசலில் தங்கள் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, புதிதாகப் படித்த மிதப்பில், "சொந்தத்துல பண்ணிண்டா குழந்தைக்குப் பதினாறுல ஒண்ணு, தெரியுமோ அத்தான்?" என்றாள். சாலைக் கடைத்தெரு வியாபாரியாயிருந்தால், "இருபதில் ஒண்ணுன்னு போட்டுக்கோயேன்" என்று இழுத்தாவது பார்த்திருப்பான். இவன் பேரமே பேசாமல் இறங்கிப் போய், நாகர்கோவிலில் பெண் எடுத்துவிட்டான்.

சீதா மரபணு ஆராய்ச்சி வேலைக்குப் போனாள். சொந்தத்தில் மணந்த குடும்பங்களின் வம்ச மரம் வரையப் போனக்காடு தோட்டத்துக்கு பஸ் ஏறுவாள். வளைவுக்கு வளைவு குளிரும், பச்சைத் தேயிலை வாசனையும் ஜன்னல் வழியே வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பால் விடாத கட்டன் சாயா நீட்டும் மாடம்மாள், "கல்யாணம் ஆவாத அம்மா வந்து எங்க கல்யாணத்தையெல்லாம் எண்ணுது, பாருங்கடி!" என்பாள். சீதாவுக்கும் சிரிப்பு வந்துவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தச் சாயாவின் சூடு உள்ளங்கையில் இருந்தது.

போன ஞாயிறு ராமசுப்ரமணியன் வந்தார். மனைவி தவறியபின் கழக்கூட்டத்தில் மகள் சுப்ரியாவோடு இருக்கிறார்.

"சுப்ரியாவும் உன் தம்பி பிள்ளை சாயும் கல்யாணம் பண்ணிக்கணுமாம். நீ சரின்னாத்தான் சரி. இவாளுக்கு எத்தனையில ஒண்ணு?"

"அறுபத்து நாலுல."

"ஐயோ! அத்தனை குழந்தையில ஒண்ணு நோயாளியா?"

சீதா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "யார் சொன்னா? அப்பா வழியாவும் அம்மா வழியாவும் ஒரே பாட்டன் மரபணுச் சரக்கு வந்து சேர்ற வாய்ப்பு அது. சரக்குல பழுது இருந்தாத்தானே வியாதி? இவாளுக்கு ஊர்ல எல்லாருக்கும் உள்ள பயம்தான், கேட்டோ."

அவர் விசிறியைப் பார்த்தபடி கேட்டார். "அப்போ நமக்கு?"

"நூறு குழந்தையில மூணுக்கு ஏதாவது குறை இருக்கறது எல்லாருக்குமே உண்டு. நமக்கு அஞ்சாயிருக்கும்."

"அவ்வளவுதானா? என்னைக் கழிச்சுக் கட்டத்தான் நீ அப்படிச் சொன்னேன்னு நினைச்சேனே, சீதா."

"பயந்தா கேக்கறதுதானே? தோட்டத்துல எல்லாரும் கேட்டாளே."

"அன்னிக்கு நான் இறங்கிப் போறச்சே நீ கூப்பிடறதுதானே?"

லயம் லயமாக உட்கார்ந்து விளக்கியவள், ஒருத்தருக்கு மட்டும் விளக்கவில்லை.

"நல்ல நாள் பாருங்கோ அத்தான்" என்றாள் கடைசியில்.

அவர் போனபின் மனசுக்குள் கூட்டினாள். வரவு, ஒரு கல்யாணம். செலவு, நடக்காமற்போன ஒரு கல்யாணம். நேராகத்தான் வந்தது. கணக்கை முடிக்கத்தான் மனசு வரவில்லை.