மூக்கு நீண்ட ஆயில் கேன்

"தண்ணி சூடு பாருங்கக்கா. ரொம்பச் சுட்டா அவனுக்கு ஆகாது," என்றாள் இன்பமேரி.

புழக்கடையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஞானமேரி அண்டாவில் கையை விட்டுப் பார்த்து, "பதமாத்தான் இருக்குது," என்றாள். பலகையில் கிடந்த சின்னப்பனுக்கு இரண்டு வயது முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்திருந்தார்கள். நாலு மணிக்கு அடக்கம்.

அப்பன் தோமினிக் சைக்கிளுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி நின்றான்.

ஞானமேரி அவனுடைய அக்காள். நல்லவள்தான், வாய்தான் சும்மா இருக்காது. "அழுவாத புள்ள. ஞானஸ்நானம் வாங்குன பச்ச மண்ணு, நேரா மோட்சத்துல சம்மனசுங்ககூடப் போய்ச் சேந்திருப்பான்," என்பாள். அதே மூச்சில், "இருந்தாலும் மண்ணெண்ண பாட்டலுக்கு மூடி போடாம வெப்பாளா ஒருத்தி?" என்பாள்.

பெற்றவள் இன்பமேரிக்கும் அதே நினைப்புத்தான். நேற்றுக் காலையில் ஸ்டவ்வுக்கு ஊற்றியபின் மூடி போட்டோமா இல்லையா என்று ராவெல்லாம் யோசித்து, போடவில்லை என்றே முடிவு கட்டியிருந்தாள்.

போட்டிருந்தாள். அது தோமினிக்குக்குத் தெரியும். அதைத் திறந்தவனே அவன்தான்.

அவன் வேலை பார்க்கும் ரயில்வே லோகோ ஷெட்டில் எஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆயில் கேன் ஒன்று அடி நசுங்கிப் போனதென்று கிடந்தது. மூன்று மாதத்துக்கு முன் அதைச் சலவைச் சோடா போட்டுக் கழுவி மகனுக்குக் கொண்டு வந்து கொடுத்தான். அதிலிருந்து அந்தக் கேன் இல்லாமல் பையன் குளிக்க உட்காரமாட்டான். நீண்ட மூக்கை வாயில் வைத்து உறிஞ்சி, கன்னம் உப்ப, அப்பன் முகத்தில் துப்புவான். அந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தவனும் தோமினிக்தான். "எம்பட டைவரே!" என்று கொஞ்சிக்கொண்டு நனைந்து நிற்பான்.

நேற்று பூசை முடிந்து வந்து சைக்கிள் செயினைத் துடைக்க உட்கார்ந்தான். பாட்டிலைத் திறந்து மண்ணெண்ணெயைக் கேனில் ஊற்றிக்கொண்டான்; சொட்டுச் சொட்டாக விட அந்த மூக்கு வாகாக இருந்தது. துணி எடுக்க உள்ளே போனான், அவ்வளவுதான். இருமல் கேட்டு ஓடி வந்தால் பையன் முகமெல்லாம் வழிய உட்கார்ந்திருந்தான். குழாயடியிலிருந்து இன்பமேரி வருவதற்குள் கேன் கரிக்குவியலுக்குள் போய்விட்டது. "பாட்டல்ல இருந்த மண்ணெண்ணயக் குடிச்சுட்டான்டி!" என்று கத்தியது அவன் வாய்தான். அந்த நேரத்திலும் எப்படித்தான் தோன்றியதோ, பாழாய்ப்போன புத்தி! ஆளாளுக்குச் சொல்ல, உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைத்தார்கள். வாந்தி எடுக்க வைத்தது தப்பு, எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விட்டது என்றார் டாக்டர்.

"ஏனுங்க," என்று இன்பமேரி நிமிர்ந்தாள். "அவன் கேனு எங்கீங்க? அது இல்லாம அவனுக்கு எப்பத் தண்ணி ஊத்தியிருக்கறோம்?"

"கெடக்குது உடு புள்ள, சொம்புல ஊத்து," என்றாள் ஞானமேரி.

"இல்லீங்கக்கா. இதக்கூட நாஞ் செய்யலீன்னா எப்படி? பொட்டியிலயும் அவங்கூடவே வெச்சரலாம்."

தோமினிக் கரியைக் கிளறினான். கேன் வந்தது. ஆட்டினால் அடியில் இன்னும் கொஞ்சம் களகளத்தது. குழாயடிக்குப் போய்ச் சாம்பலை அள்ளினான். ரெண்டு தேய் தேய்த்து அலசினால் போதும், சாகும்வரை யாருக்கும் தெரியாது. மூடி போடாதவள் அவளாகவே இருந்துவிட்டுப் போவாள்.

"மூடி போட்ட மாதிரியேதான் நெனப்பு இருக்குதுங்கக்கா. ஆனா போடலீங்களே," என்று இன்பமேரி சொல்வது பின்னால் கேட்டது.

அவன் சாம்பலை உதறினான். கழுவாமலே கொண்டு வந்து நீட்டினான்.

அவள் வாங்கி அண்டாவில் முக்கினாள். தண்ணீரின் மேல் நீலமும் மஞ்சளுமாக ஒரு படலம் விரிந்தது. வாசம் குப்பென்று அடித்தது.

"இதுக்குள்ள எப்படி..." என்று ஆரம்பித்த ஞானமேரி, தம்பி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இன்பமேரியும் அவனைப் பார்த்தாள்.

"நான் மூடி போட்டனுங்களா?"

"போட்டிருந்தே."

அவள் கேனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதன் மூக்கிலிருந்து அவன் காலில் சொட்டியது. அண்டாவைச் சாய்த்து எல்லாத் தண்ணீரையும் கொட்டினாள். குடத்திலிருந்த பச்சைத் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி, மகனுடைய உதட்டைத் துடைத்தாள்.

"சில்லுனு இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்க சாமி," என்றாள்.