கையை விடவும்

"யோவ், சம்ப்புக்குள்ள கைய வுடாதய்யா! மோட்டார் ஓடிகினு கீது!"

வெள்ளிக்கிழமை காலை, மேடவாக்கத்தில் எங்கள் அப்பார்ட்மென்ட் வாசலில் தண்ணி லாரிக்காரர் பொன்னுசாமி, வாட்ச்மேனைப் பார்த்துக் கத்தினார். பால்கனியில் காபியோடு நின்றிருந்த எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அந்தக் 'கைய வுடாத' மறுபடி காதில் ஒலித்தது.

தொழிற்சாலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு மெஷின் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் ஆப் ஒன்றை நான் வடிவமைத்திருந்தேன். பல்லாவரத்தில் தோல் பை செய்யும் ஒரு கம்பெனியில் அன்றுதான் அதற்கு முதல் நாள். தோலில் ரிவெட் ஆணி அடிக்கும் மெஷினுக்கு நான் எழுதி, பெருமையாகக் குரலும் கொடுத்திருந்த வரி இது: "தோலைச் சரியாக வைத்து, கையை விடவும். பிறகு பெடலை மிதிக்கவும்."

தோலிலிருந்து கையை எடு என்று சொல்லத்தான் நினைத்தேன். உள்ளே கையை விடு என்றும் அதற்கு அர்த்தம் உண்டே! பட்டன் நிறத்துக்கு மூன்று மீட்டிங் போட்ட மேதாவிக்கு, எட்டு மாதமாக இது உறைக்கவில்லை.

சூப்பர்வைசர் ஷபீனா போனை எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எல்லார் போனும் லாக்கரில் இருக்கும். ஆப்பைத் திருத்தினாலும் பயனில்லை, அங்கே அது ஓடும் டேப்லெட்டுக்கு நெட் கிடையாது. பத்து மணிக்குப் பயிற்சி. மணி ஒன்பதரை.

ஸ்கூட்டரை எடுத்தேன். கீழ்க்கட்டளை வரை பறந்தேன். பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டம் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. ஹாரன் அடித்தேன், கெஞ்சினேன், ஒருவரைத் திட்டவும் திட்டினேன். இயேசப்பா, யார் கையும் போகக் கூடாது என்று வாய் தானாக முணுமுணுத்தது. கடைசியில் வண்டியை ஒரு செடிக்கடை ஓரம் போட்டுவிட்டு ஓடினேன். மணி பத்து ஐந்து.

கம்பெனிக்குள் அரை இருட்டு. கரண்ட் இல்லை. ரிவெட் மெஷின் முன்னால் பத்தொன்பது இருபது வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். 'ஸ்நேகா' என்று சட்டையில் பேட்ஜ். பெடல் மேல் கால். மெஷினுக்குள் கை.

"கைய எடும்மா!"

மிரண்டு திரும்பினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. "கரண்ட் போச்சுக்கா. ஷபீனாக்கா ஜெனரேட்டர் போடப் போயிருக்காங்க. நான் ரெடியா மெதிச்சுகினுதான் கீறேன்."

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். பின்பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. மெஷின் 'டக்'கென்று இறங்கித் தோலில் பித்தளை ரிவெட்டை அடித்துவிட்டு மேலே போனது.

அவள் அதையே பார்த்தாள். "அதுலதான்க்கா அப்படிப் போட்டிருந்துச்சு. நான் தப்பா எதுவும் பண்ணல."

"நீ பண்ணலம்மா. நான்தான் பண்ணேன்."

அவள் கையைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தேன். மேஜை மேலிருந்த டேப்லெட் மறுபடி பேசியது, என் குரலில், பொறுமையாக, இனிமையாக.

"கையை விடவும்."

நான் விடவில்லை.