என் கடனை மைதீன் தள்ளுபடி செய்தான்

பாடகர் குமரகுரு எனக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய்.

பாடகர் என்பது இப்போது. பணம் வாங்கும்போது அவன் பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எடைச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். அந்தக் கடை வாசலில் மூட்டை இறக்குகிற லோடுமேன் நான், முப்புடாதி. இருபத்தாறு வருஷமாக அதே வாசல். குமரகுரு பாடிக்கொண்டேதான் சீட்டு எழுதுவான். பாட்டு மேலே ஏறும்போது சீட்டில் ஒரு மூட்டை குறையும். ஆனாலும் குரல் நல்ல குரல். அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

'பாடு தம்பி பாடு' என்று டிவியில் ஒரு போட்டி. அதற்குச் சென்னையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போன வருஷம் கிளம்பினான். ரயிலுக்கு வேண்டும், தங்குவதற்கு வேண்டும், புதுச் சட்டைக்கு வேண்டும், உள்ளே ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறேன் என்று சொன்ன ஒரு ஆளுக்கும் வேண்டும். கடை முதலாளியிடம் கேட்டான், அவர் சிரித்தார். என்னிடம் கேட்டான், நான் கொடுத்தேன். என் மனைவி தங்கத்தாயின் கம்மலைத் தென்காசி அடகுக்கடையில் வைத்துப் பதினேழாயிரம், மீதி என் கூலி. டிவி பணம் வந்ததும் முதல் வேலையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். தங்கத்தாய் காதுத் துளை தூர்ந்துபோகக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். அவளுக்கு இருந்த ஒரே பொன் அதுதான்.

ஏன் கொடுத்தாய் என்று கேட்டால் இரக்கம் என்று சொல்லலாம். பொய். மூட்டை தூக்குகிறவனின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார்கள். எங்கள் வாசலில் நின்றவன் ஒருத்தன் அந்த டிவிப் பெட்டிக்குள் போய் நின்றால் எங்களையும் நாலு பேர் பார்த்த மாதிரி ஆகும் என்று ஒரு நப்பாசை. அந்த டிவிக்காரர்கள் விற்பதே இந்த நப்பாசையைத்தான். பல்லாரி வெங்காயத்தின் விலை தினமும் ஏறி இறங்கும், இந்தச் சரக்கு மட்டும் என்றைக்கும் விலை இறங்குவதில்லை.

அவனை எடுத்துக்கொண்டார்கள். அவனுக்கு ஓட்டுப் போட மார்க்கெட்டே போனும் கையுமாக அலைந்தது. என் கூட்டாளி மைதீன், நானும் அவனும் ஒரே செட்டு, ஒரே மூட்டைக்கு இரு பக்கமும் கை கொடுக்கிறவர்கள். அவன் ஒரு நாளைக்கு நாற்பது ஓட்டுப் போட்டான். எங்கள் சங்கத் தேர்தலுக்கு ஓட்டுப் போட நேரமில்லை என்றவன் அவன்.

ஆறாவது வாரம் குமரகுரு மேடையில் அழுதான். பாட்டு நன்றாக வராத வாரம் அது. ஊரில் மூட்டை தூக்கும் ஒரு அண்ணன் மனைவி நகையை அடகு வைத்துத் தன்னை அனுப்பியதாகவும், "பணத்தைத் திருப்பித் தராதே தம்பி, நீ ஜெயிச்சா அதுவே எனக்குப் போதும்" என்று சொன்னதாகவும் சொன்னான். நடுவர்கள் மூன்று பேரும் கண்ணைத் துடைத்தார்கள். அந்த வாரம் அவன் வெளியேறவில்லை.

நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை.

நாலு நாளில் டிவிக்காரர்கள் ஒரு வேனில் மார்க்கெட்டுக்கே வந்து இறங்கினார்கள். காதில் ஒயர் மாட்டிய ஒரு பெண்தான் எல்லாரையும் ஏவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, நீங்கதான் அந்த அண்ணாவா? செம எமோஷன் அண்ணா உங்க ஸ்டோரி. மூட்டையோட நடந்து வாங்க, அப்புறம் ரெண்டு வார்த்தை பேசுங்க. அதுக்கு முன்னாடி இதுல ஒரு சைன் மட்டும்."

நாற்பத்தாறு வயதில்தான் நான் எழுத்துக் கூட்டப் படித்தேன். அதனால் எந்தத் தாளாக இருந்தாலும் விரல் வைத்து முழுக்கப் படித்துவிடுவேன். அவள் மூன்று தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாவது வரியில் இருந்தது: மேற்படி தொகையை மனமுவந்து தள்ளுபடி செய்துவிட்டேன் என்று.

"இது நடக்காத விஷயம்லா, தாயி. அவன் எனக்குத் தரணும்."

"ஐயோ அண்ணா, இது ஷோவுக்கு மட்டும்தான்."

"அப்பம் ஷோவுல இருந்தே அந்தப் பணத்தக் கொடுங்க. வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

அவள் கொஞ்சம் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினாள். திரும்பி வந்தபோது என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் வாயைப் பிளந்து நின்ற மைதீனைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க பேரு?"

"மைதீன்."

"மைதீனா? சூப்பர்! புரோமோவுக்கு இது இன்னும் நல்லா இருக்குமே!"

மைதீன் தாளைப் படிக்கவில்லை. பேரை மட்டும் எழுதினான். ஒரே பல்லாரி மூட்டையை எட்டுத் தடவை தூக்கி நடக்கவைத்தார்கள். மார்க்கெட்டில் எட்டு மூட்டை சுமந்தால் கூலி உண்டு. அங்கே கைதட்டல்தான். கடைசியில் அழச் சொன்னார்கள். அழுகை வரவில்லை. அதற்குத்தான் சரக்கு மலைபோலக் குவிந்து கிடந்ததே, ஒரு பல்லாரியை நறுக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை டிவியில் வந்தது. மைதீன் மெதுவாக, மிக மெதுவாக, மூட்டையோடு நடந்து வருகிறான். பின்னால் வயலின். "என் தம்பி ஜெயிச்சாப் போதும்" என்கிறான். கண்ணீர் வழிகிறது. குமரகுரு மேடையில் மண்டியிடுகிறான். பேரைச் சொல்லும்போது அவன் நாக்குக் குழறவே இல்லை: "என் மைதீன் அண்ணன்."

திரும்பிப் பார்த்தால் தங்கத்தாய் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, எதுக்குட்டி அழுத?"

"பாவம்ங்க அந்த அண்ணாச்சி. தன் கஷ்டத்தப் பாக்காம குடுத்திருக்காவளே."

"கூறுகெட்டவளே, அது உன் கம்மலுட்டி!"

காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அது எனக்குத் தெரியாதாக்கும்? இருந்தாலும் பாக்கயில அழுகை வந்துட்டு" என்றாள்.

அதற்கு மேல் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

மறுநாளிலிருந்து டீக்கடையில் மைதீனிடம் காசு வாங்குவதில்லை. லாரி டிரைவர்கள் அவன் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். உண்மையைச் சொன்னேன். சீட்டு எழுத வந்த புதியவனிலிருந்து முட்டைக்கோஸ் வியாபாரி வரைக்கும் எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்.

"எதுக்கு வே வயித்தெரிச்சல் படுதீரு? டிவியிலயே காட்டிட்டானே."

எங்கள் எல்லாருக்கும் குமரகுருவைத் தெரியும். மைதீனைத் தெரியும், அவனிடம் பதினெட்டாயிரம் ஒன்றாக இருந்த நாளே கிடையாது என்பதும் தெரியும். என்ன தெரிந்து என்ன? கண்ணால் பார்த்தது டிவிக்கு முன்னால் நிற்காது.

மைதீனைத் தனியே பிடித்தேன்.

"நீ எப்பம்லே அவனுக்குக் கடன் கொடுத்த? என் கடனத் தள்ளுபடி செய்ய நீ யாரு?"

"கோவப்படாதேயும் வே. நான் ரெண்டு வார்த்தைதானே சொன்னேன்." தலையைச் சொறிந்தான். "ஹைருன் பீவி என்னையப் பாத்து 'நீங்களா இது'ன்னா வே. கல்யாணமாகிப் பத்தொம்பது வருசத்துல அவ என்னைய அப்படிப் பாத்ததே இல்ல. இப்பம் போய், நான் இல்லன்னு எப்படிச் சொல்லுவேன்?"

அவன்மேல் கோபப்படக்கூட முடியவில்லை. குமரகுருவுக்குப் போன் போட்டால் போட்டி முடியும்வரை டிவிக்காரர்கள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்றார்கள். போட்டி முடிந்த பிறகும் அவன் எடுக்கவில்லை. நாலாவதாக வந்தான். நாலாவதாக வந்தவனுக்குப் பரிசு கிடையாது, ஆனால் புகழ் உண்டாம். தென்காசியில் ஒரு செல்போன் கடையைத் திறந்துவைத்தான். கடையநல்லூரில் ஒரு பிரியாணிக் கடை. இரண்டு இடத்துக்கும் போனேன். கறுப்புச் சட்டை போட்ட தடியன்கள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினார்கள். "மைதீன் அண்ணனே அமைதியா இருக்காரு, உமக்கு என்ன?" என்று ஒருத்தன் கேட்டான்.

இதற்கிடையில் அடகுக்கடையிலிருந்து கடிதம் வந்தது. ஆகஸ்ட் எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை மாலைக்குள் திருப்பாவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும். வட்டியை எப்படியோ சேர்த்துவிட்டேன். முதலுக்கு வழியில்லை. தங்கத்தாய் கடிதத்தை மடித்து வைத்தாள். காதுக் குச்சியைப் புதிதாக மாற்றிக்கொண்டாள்.

அதே எட்டாம் தேதி குற்றாலத்தில் ஒரு ரிசார்ட் திறப்பு. துபாயில் சம்பாதித்துத் திரும்பிய அப்துல் மஜீது ஐந்தருவி ரோட்டில் கட்டியது. சாயங்காலம் நாலு மணிக்குக் குமரகுரு பாட்டு, கூடவே கொடை வள்ளல் மைதீனுக்குப் பாராட்டு. ஸ்பீக்கர் பெட்டிகள் மதுரையிலிருந்து லாரியில் வந்தன. இறக்குவதற்கு எங்கள் செட்டைத்தான் கூப்பிட்டார்கள்.

கூலி பேசாமல் நாங்கள் லாரியின் கொக்கியைக் கழற்றமாட்டோம். முதலமைச்சர் வீட்டு மூட்டையாக இருந்தாலும் அப்படித்தான். அன்றைக்கு எங்கள் ஆட்கள் கூலியே வேண்டாம், குமரகுருவோடு ஒரு செல்ஃபி போதும் என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறினார்கள். இருபத்தாறு வருஷத்தில் அப்படி ஒரு கேவலத்தை நான் பார்த்ததில்லை. என் பங்குக் கூலியை மட்டும் பேசி வாங்கிக்கொண்டுதான் பெட்டியில் கை வைத்தேன். அடகுச் சீட்டையும் வட்டிப் பணத்தையும் காலையிலேயே மடியில் முடிந்து வைத்திருந்தேன்.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. வானம் முழுக்க இருட்டு. குமரகுரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காரிலிருந்து இறங்கினான். அதே தடியன்கள் சுற்றிலும். மேடைக்குப் பின்னால் ஒரு அறைக்குள் போனான்.

ஒரு சின்ன ஸ்பீக்கரைத் தோளில் ஏற்றிக்கொண்டு நேராக அந்த அறைக்கு நடந்தேன். தோளில் சுமை இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். முகத்தை எவனும் பார்ப்பதில்லை. தடியனே கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றான்.

உள்ளே ஒருத்தன் அவன் முகத்துக்குப் பவுடர் அடித்துக்கொண்டிருந்தான். பெட்டியை இறக்கினேன்.

"அண்ணாச்சி! எப்பம் வந்தீய?" எழுந்து கட்டிப்பிடித்தான். பிடித்தபடியே பவுடர்காரனைப் பார்த்து, "ஒரு போட்டோ எடுங்க" என்றான்.

"பதினெட்டாயிரத்து அறுநூத்தம்பது" என்றேன்.

கையை எடுத்தான். பவுடர்காரனை வெளியே போகச் சொன்னான்.

"அண்ணாச்சி, ஒங்களுக்குப் புரியமாட்டேங்குது. அந்தக் கடன் முடிஞ்சு போச்சுல்லா. மூணு கோடிப் பேரு பாத்திருக்காவ. இப்பம் நான் தந்தா அங்கன சொன்னது பொய்யாயிரும்லா?"

"பொய்தானேலே."

"டிவியில வந்துட்டா அது பொய் இல்ல, அண்ணாச்சி. அது கண்டென்ட்."

வயதுக்கு அவன் என் தம்பி மாதிரி. அறையலாம் என்று இருந்தது. அறைந்தால் அதையும் படம் பிடித்து அழுவான்.

"சரி, ஒண்ணு செய்" என்றேன். "மேடையில ஏறி மைக்கப் பிடி. கடன் தந்தது முப்புடாதி, வேண்டாம்னு அவரு சொல்லவே இல்ல, நான் ஓட்டுக்காகப் பொய் சொன்னேன்னு சொல்லு. அவ்வளவுதாம். கடன் முழுசும் தள்ளுபடி. ஒரு பைசா வேண்டாம். நானே எழுதித் தாரேன்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது. அவன் சரி என்று சொல்லிவிட்டால்? மணி மூன்றே முக்கால். கம்மல் போய்விடும். தங்கத்தாய் காதில் ஆயுசுக்கும் வேப்பங்குச்சிதான். அந்த ஆசைக்கு நானும்தான் விலை போயிருந்தேன், நாலு பேர் முன்னால் என் பேரைக் கேட்கிற ஆசைக்கு. ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை.

குமரகுரு அரை நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கதவைத் திறந்து, "மஜீது பாய், அட்வான்சுல ஒரு பத்தொம்பதாயிரம் இப்பமே தருவியளா? அவசரம்" என்றான்.

மஜீது வந்தார். வெள்ளை வேட்டியில் அத்தர் மணத்தது. ஐந்நூறு தாள்களாக எண்ணிக் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இவரு யாரு?"

"லோடுமேன் பாய். பெட்டி இறக்குனவரு" என்றான் குமரகுரு.

"பெட்டி இறக்கப் பத்தொம்பதாயிரமா?"

"பழைய பாக்கி பாய்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். குமரகுரு பணத்தை நீட்டினான். நான் எச்சில் தொட்டு எண்ணினேன். முப்பத்தெட்டுத் தாள். மடியிலிருந்த கூலிப் பணத்தில் முந்நூற்று ஐம்பது எடுத்து மேஜையில் வைத்தேன்.

"சில்லறை இருக்கட்டும் அண்ணாச்சி."

"எனக்கு வேண்டாம்லே. கணக்கு தீர்ந்துட்டு."

"வெளிய எங்கயும் சொல்லிராதீய."

"சொன்னா எவம்லே நம்புவான்?"

அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டான்.

வெளியே வந்தபோது கூட்டம் நிரம்பிவிட்டது. மைதீன் முதல் வரிசையில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் ஹைருன் பீவி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குமரகுரு மேடைக்கு வந்து பாடவில்லை, முதலில் கதையைச் சொன்னான். இந்தத் தடவை கதையில் மழை பெய்தது. மைதீன் அண்ணன் நனைந்துகொண்டே ரயிலடி வரைக்கும் வந்து வழியனுப்பினாராம். நான் தூக்கி வைத்த பெட்டியிலிருந்துதான் சத்தம் கணீரென்று வந்தது. மைதீனைக் கைபிடித்து மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள்.

எனக்குப் பின்னால் ஒரு அம்மா விசும்பிக்கொண்டிருந்தாள். மடியில் கட்டிய பணத்தைக் கையால் பொத்திக்கொண்டு நின்ற என் முதுகைத் தட்டினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணாச்சி. அந்த நல்ல மனுசன் முகம் தெரியல, மறைக்கிய."

தள்ளி நின்றேன். அப்படியே தள்ளித் தள்ளித் தென்காசி பஸ் நிற்கிற இடத்துக்கு வந்துவிட்டேன். அடகுக்கடை ஆறரை வரைக்கும் திறந்திருக்கும்.