தொட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை

மாரிசெல்வியின் கழுத்தைத் தடவிப் பார்க்க முழுசாக ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். வெளியே விருதுநகர் வெயிலில் இருபது பேர் காத்திருந்தார்கள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறது, கழுத்துக்குள் இருக்கும் சுரப்பியை எடுத்தாக வேண்டும் என்று மதுரையில் ஒரு சர்ஜன் தேதியே குறித்துக் கொடுத்திருந்தார். இருபது வயதுப் பெண். சிவகாசிப் பக்கம் பட்டாசு கம்பெனியில் பாக்கிங் வேலை. "கழுத்துல தழும்போட இருந்தா யாரு மேடம் கட்டுவா?" என்று அவள் அழுதாள். அவளைப் பார்த்து அம்மா சோலையம்மாளும் அழுதாள். அம்மாவின் தம்பி முனியராஜ் மட்டும் ரிப்போர்ட்டுகளைப் பிடித்தபடி சுவரோரம் நின்றான். இது 2004 ஆடி மாதம்.

கழுத்தில் கட்டி இல்லை. முதுகெலும்பு, விலா, முழங்கால் எல்லாம் அழுத்திப் பார்த்தேன், எங்கும் வலி இல்லை. வயிறு மெத்தென்று இருந்தது. முட்டியில் தட்டினால் கால் ஒழுங்காகத் துள்ளியது. இவ்வளவு ஆரோக்கியமான நோயாளியை நான் பார்த்ததே இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அம்மாவுக்கும் மாமனுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். இரண்டு பேருக்கும் கால்சியம் கூடுதல்தான். இரண்டு பேரும் ஒரு தலைவலிக்குக்கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காதவர்கள். ஒரு நாள் சிறுநீரைச் சேர்த்துச் சோதித்ததில், மூவருக்கும் அதில் கால்சியம் மிகக் குறைவு. சுரப்பி கெட்டிருந்தால் சிறுநீரிலும் கூடித்தான் இருக்கும். சந்தேகமே இல்லை.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள்தான்.

"இது உங்க குடும்பத்து ரத்தத்துல வழிவழியா வருது. ஒண்ணும் பண்ணாது. கத்தியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். நிம்மதியா போங்க" என்றேன். சோலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று சாயங்காலமே மதுரை சர்ஜனுக்கு ஒரு கடிதம் எழுதினேன், கொஞ்சம் குத்தலாகவே.

அடுத்த வருஷம், தீபாவளி லோடெல்லாம் போய் முடிந்து கம்பெனிகள் ஓய்ந்திருந்த வாரத்தில், மாரிசெல்வி மறுபடி வந்தாள். கழுத்தில் தாலி, கையில் பதினெட்டு நாள் குழந்தை. பக்கத்தில் பால் பாட்டிலோடு முனியராஜ். எழுந்து போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கினேன்.

"பால் குடிக்க மாட்டேங்கான் மேடம். தூக்குனாலே வீறிடுதான்" என்றாள்.

பிள்ளை ஈரத்துணி மாதிரித் தொங்கினான். கை காலில் வலுவே இல்லை. ஒடுங்கிய நெஞ்சு மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிந்தது. விலாவின் மேல் ஒரு விரல்தான் வைத்தேன். எலும்பு அமுங்கியது, அவன் கத்தினான். எக்ஸ்ரேயில் ஐந்து விலா முறிந்திருந்தது. யாரும் கீழே போடவில்லை. தூக்கிக் கொஞ்சியதில் முறிந்தவை. கால்சியம் இருபத்திரண்டு. பெரியவர்களுக்கே பத்தைத் தாண்டினால் நாங்கள் புருவத்தைச் சுருக்குவோம்.

"இவள எப்பய்யா கட்டுன?" என்று முனியராஜிடம் கத்திவிட்டேன்.

அவன் மிரண்டு போனான். "தை மாசம் மேடம். நீங்க சொன்னதை வச்சுத்தான்."

"நான் என்ன சொன்னேன்?"

"குடும்பத்து ரத்தத்துல இருக்குன்னு சொன்னீகள்ல. அன்னியத்துல குடுத்தா, நாளைக்கு எவனாவது டெஸ்ட் எடுத்துப் பாத்துட்டு, சீக்காளியத் தலையில கட்டிட்டாகன்னு பேசுவான். எனக்கும் அதேதான இருக்கு? ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னா யாரு யாரைக் குறை சொல்ல? அக்காதான் யோசிச்சுச் சொல்லுச்சு. சாத்தூர்ல பேசி வச்சிருந்த மாப்பிள்ளைய வேண்டாம்னுட்டோம். இவளக் கம்பெனிக்குக்கூட அனுப்பல மேடம், வெடிமருந்து நெடி பிள்ளைக்கு ஆகாதுன்னு."

அன்பாகத்தான் யோசித்திருக்கிறார்கள். நான்தான் யோசிக்கவில்லை. அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் பண்ணாத இது, இருவரிடமிருந்தும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தால் எலும்பையே அரித்துவிடும் என்று எனக்குத் தெரியும். என் சொந்த அத்தையே தாய்மாமனைக் கட்டியவள். கல்யாணமாகாத மாமன் ஒருவன் அக்கா மகளோடு வந்து, அவளுக்காக முகம் வாடி நின்றதை இதே அறையில் பார்த்தேன். அந்த எலும்பையெல்லாம் தட்டிப் பார்த்தவள், யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பாவம் என்னுடையது.

எல்லாவற்றையும் அவர்களிடம் சொன்னேன். இனிப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இப்படி ஆக வாய்ப்பு இருக்கிறது என்பதையும் சொன்னேன். மதுரைக்கு அனுப்பிய நாலாம் நாள், கழுத்துச் சுரப்பியை எடுக்கும் ஆபரேஷனுக்குத் தேறுவதற்கு முன்பே பிள்ளை போய்விட்டான்.

போன வாரம் மாரிசெல்வி வந்திருந்தாள். நாலு மாதம். நான் வாயைத் திறப்பதற்குள், "நாலுல மூணு நல்லாருக்கும்னு நீங்கதான மேடம் சொன்னீக. இருக்கன்குடி ஆத்தாளுக்கும் நேந்திருக்கேன்" என்றாள். முனியராஜ் என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய் நின்றுகொண்டான்.

அவளே மேசையில் ஏறிப் படுத்தாள்.

"இது நல்லாருக்கப் போறதா, இல்ல அவன மாதிரியான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. நல்லதத்தான் சொல்லணும்னு இல்ல. உள்ளதச் சொல்லுங்க."

வயிற்றில் கை வைத்தேன். மாதத்துக்கு ஏற்ற வளர்ச்சி. நாடி, பிரஷர் எல்லாம் சரி.

"பிறந்த அன்னைக்கே ரத்தம் எடுத்துப் பாத்துருவோம். மதுரையில இப்பவே சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

"அது சரி மேடம். இப்ப எப்படி இருக்கு?"

"எனக்குத் தெரியாதும்மா. வயித்துக்குள்ள இருக்கையில கண்டுபிடிக்க இங்க வழி இல்ல."

அவள் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். விலக்கிய என் கையை எட்டிப் பிடித்துத் திரும்ப வயிற்றின் மேல் வைத்து, "இன்னும் கொஞ்சம் அமுக்கிப் பாருங்க மேடம்" என்றாள்.