ஆளில்லாத வீட்டுக்கு வரும் தண்ணீர்

மழை என்பதே காதால் கேட்கும் சமாச்சாரமாகிவிட்ட ஊர் அது. மேட்டுத் தெருவுக்குத் தண்ணீரை உந்தி ஏற்றுவதற்கென்றே பாதி வழியில் ஒரு பூஸ்டர் பம்ப் நிலையம் வைத்திருந்தார்கள். அதன் ஆபரேட்டருக்கு வீடு மேட்டுத் தெருவின் கடைக்கோடியில். அந்த வீட்டுக் குழாயைத் திறந்தால் ஒரு பெருமூச்சு வரும், அவ்வளவுதான்.

"ஊருக்கெல்லாம் தண்ணி ஏத்துறீங்க, கட்டுன பொண்டாட்டிக்கு மட்டும் காத்து ஏத்துறீங்க" என்பாள் மனைவி.

அவர் என்ன செய்வார், பாவம்! வழியிலிருந்த ஒவ்வொரு வீடும் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சியது. எல்லாவற்றையும் மாட்டிக் கொடுத்த புண்ணியவான் ஒரு எலக்ட்ரீஷியன், மனைவியின் சொந்த அண்ணன். தங்கை வீட்டுக்கும் ஒன்று மாட்டுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். பம்பை ஓட்டுகிறவனே உறிஞ்சித் திருடுவதா என்று ஆபரேட்டர் மறுத்துவிட்டார்.

ஒருநாள் காலை மனைவிக்குப் பொறுமை போயிற்று. பம்ப் ரூமிலேயே குடியிருக்கிறேன் என்று குடங்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். தெருவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஆபரேட்டர் பொண்டாட்டி குடத்தோடு போனால் அங்கே ரகசியக் குழாய் இருக்கத்தானே வேண்டும்? மோட்டாரை அணைத்து, வீட்டைப் பூட்டி, தெருவே பின்னால் வந்தது.

பம்ப் ரூமிலோ திறந்து பிடிக்கிற குழாயே கிடையாது. ஆபரேட்டரே குடிக்கக் கடையில் பாட்டில் வாங்கி வருகிறவர்.

"இவ்ளோ தண்ணி ஓடுது, ஒரு டம்ளர் கிடையாதா?" என்றாள் மனைவி.

"இது தண்ணி போற இடம்மா. வர்ற இடம் இல்ல."

கூட்டம் கத்திக்கொண்டிருக்க, அவர் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பார்த்தார். வருஷக்கணக்கில் படுத்தே கிடந்த முள் எழுந்து நின்றது. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"தண்ணி உங்க வீட்டுக்குப் போயிடுச்சு. நீங்கதான் இங்க வந்துட்டீங்க" என்றார்.

அடித்துப் பிடித்து ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்தவர் முதல் வேலையாக மோட்டாரைப் போட்டார். முள் மறுபடி படுத்துவிட்டது. மனைவி மூச்சிரைக்க வீடு சேர்ந்தபோது, திறந்தபடியே விட்டுப் போயிருந்த குழாயடி வாளியில் பாதி தண்ணீர் இருந்தது, குழாய் நின்றிருந்தது.

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. மோட்டார்களை அணைத்து, குழாய்களைத் திறந்து அடியில் டிரம்மை வைத்துவிட்டு, தெருவே பம்ப் நிலையத்துக்கு வந்து உட்காரும். யாரும் யாரையும் நம்பாததால் ஒன்றுக்குப் போகிறவருக்கும் துணைக்கு ஓர் ஆள். டிரம்கள் நிரம்பின. ஆனால் தண்ணீர் வருவதைக் கண்ணால் கண்டவர் மட்டும் எவருமில்லை.

"குழாயில தண்ணி கொட்டுறத ஒரு தடவையாவது பாக்கணுங்க" என்றாள் மனைவி. "நான் இல்லாதப்பதானே அது வருது."

 அவர் அவள் கையைப் பிடித்து, மேட்டுக்குத் தண்ணீர் ஏறும் பெரிய இரும்புக் குழாயின் மேல் வைத்தார்.

"இதுதான் நம்ம வீட்டுக்குப் போற தண்ணி."

"குளுகுளுன்னு இருக்குங்க" என்று கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்க மனம் வரவில்லை. திடீரென்று கண்ணைத் திறந்தாள். "குறையுது."

மீட்டர் முள் அப்போதுதான் சரியத் தொடங்கியிருந்தது. அவள் வாசலுக்குப் போய்க் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டாள்.

"எங்க அண்ணன் எங்க?"

"வயித்து வலின்னு போனாரு" என்றார் கூட்டத்திலிருந்த ஒரு தையல்காரர். "துணைக்குப் போன ஆளையும் காணோம்."

அவள் மூலையில் கிடந்த பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மேடேறினாள். கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரீஷியனும் துணை ஆளும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். முள் எழுந்து நின்றது.

அவள் மட்டும் வரவில்லை.

"உங்க வீட்டம்மா எங்க?" என்று கூட்டம் எழுந்தது.

"முள் நிக்குதுல்ல?" என்றார் ஆபரேட்டர். "எல்லாரும் உக்காருங்க."