சீட் உயரம்

சனிக்கிழமை காலை பாரத் கட்டிலில் உட்கார்ந்து இடது கால் சாக்ஸுக்குள் குதிகால் அட்டையைச் செருகிக்கொண்டிருந்தான். தொட்டால் ஜெல்லி போல வழுவழுவென்று இருக்கும் சிலிக்கான் அட்டை. வழக்கமாக ஒன்றுதான் வைப்பான். இன்றைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைத்து, சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பார்த்தான். இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருந்தன.

கல்லூரியில் படிக்கும்போது பைக்கிலிருந்து விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். சேர்ந்த எலும்பு இரண்டு சென்டிமீட்டர் குட்டையாகச் சேர்ந்துகொண்டது. வெளியே போனால் அடிப்பாகம் உயர்த்திய ஷூ. யார் வீட்டுக்காவது போய் ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தால் சாக்ஸும் அட்டையும். ஆஃபீஸில் பக்கத்துச் சீட்டுக்காரனுக்குக்கூட இது தெரியாது.

காவேரிக்கும் தெரியாது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளோடு அவனுக்கு நிச்சயதார்த்தம்.

"அங்கே போய் எதையாவது உளறிக்கொட்டாதே," என்றாள் அம்மா அன்புக்கரசி, சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றபடி.

"உளற மாட்டேம்மா. ஆனா அவ சைக்கிள் மேல உக்கார வெச்சு அளவெடுக்கப் போறா."

"அளவெடுக்கிறது தையல்காரன் வேலை. சைக்கிளுக்கு எதுக்குடா அளவு?"

"அவகிட்ட நானே சொல்லிடறேனேம்மா."

"நங்கநல்லூர்ப் பொண்ணு வீட்டுல முதல்லயே சொன்னோமே, என்ன ஆச்சு? யோசிச்சுச் சொல்றோம்னு போனவங்க இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்காங்க." அவள் குரல் கம்மியது. "ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாம்பாங்க. நான் உன்னை ஒரு பொய்கூடச் சொல்லச் சொல்லல. சும்மா இருன்னுதான் சொல்றேன். தாலி ஏறினப்புறம் நானே அவ கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றேன்."

அம்மாவோடு சண்டை போட அவனால் முடிந்ததில்லை. ஆஸ்பத்திரியில் அவன் படுத்திருந்த நாளெல்லாம் தரையில் பாய் விரித்துக் கிடந்தவள் அவள். கிளம்பிவிட்டான்.

வினையை அவனே இழுத்து வைத்துக்கொண்டான் என்றுதான் சொல்ல வேண்டும். பெண் பார்த்து முடிந்த பிறகு இரண்டு பேரும் மயிலாப்பூரில் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். அங்கே காவேரி, அடை ஆறுவதுகூடத் தெரியாமல் சைக்கிளைப் பற்றிப் பேசினாள். கிண்டியில் ஒரு கம்பெனியில் கட்டட வரைபடம் போடுகிறவள் அவள். சனி, ஞாயிறு வந்தால் வீட்டுப் பால்கனியில் பழைய ஸ்டீல் சைக்கிள்களைப் பிரித்து, துடைத்து, நெடுந்தூரம் போவதற்கு ஏற்ற மாதிரி திரும்பப் பூட்டுவாள். கல்யாணமானதும் மூட்டை முடிச்சைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடலோரமாகவே தரங்கம்பாடி வரைக்கும் போக வேண்டும் என்பது அவள் ஆசை. "நீங்க ஓட்டுவீங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் இல்லை என்று சொல்ல முடியும்? "ஓ, ஓட்டுவேனே!" என்றான். அடுத்த வாரமே கோடம்பாக்கத்தில் அன்வரி பேகம் என்ற அம்மாளிடமிருந்து அவனுக்கென்று ஒரு பச்சை நிற சைக்கிள் வாங்கி வந்துவிட்டாள். துபாய்க்கு வேலைக்குப் போன மகன் ரெஹான் விட்டுச்சென்ற சைக்கிள் அது.

அடையாறு கஸ்தூரிபா நகரில் மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது காவேரியின் அப்பா துரைராஜ். இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர்.

"வாங்க மாப்பிள்ளை. அம்மா ஜாக்கெட் தைக்கக் குடுக்கப் போயிருக்கா, வர நேரமாகும்." அவர் பார்வை அவன் காலுக்குப் போனது. "மறுபடியும் சாக்ஸா? இந்த ஊர் வெயில்ல உங்களுக்கு மட்டும் கால் குளிருது! பாத்து வாங்க, டைல்ஸ்ல வழுக்கிடப் போகுது."

பாரத் சிரித்துவைத்தான்.

பால்கனியில் காவேரி பழைய சுடிதாரில், கொண்டையில் ஒரு பென்சிலைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு சைக்கிள்கள் சுவரில் கொக்கி மாட்டித் தொங்கின. பச்சை சைக்கிள், பின்சக்கரம் தரையில் படாதபடி ஒரு ஸ்டாண்டில் நின்றது.

"வா வா. லேட்டு." அப்பா முன்னால்தான் 'நீங்க'. தனியாக இருக்கும்போது 'நீ' என்று ஆகி ஒரு மாதமாகிறது. "ஏறு. தெருமுனை வரைக்கும்னா எந்தச் சைக்கிளையும் ஓட்டிடலாம். நாலு நாள் ஓட்டணும்னா உடம்பும் சைக்கிளும் ஒத்துப்போகணும். சீட்டு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் முட்டி, இடுப்பு எல்லாம் போயிடும்."

"அலுமினியம்னா லேசா இருக்குமே?" என்றான், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இருக்கும். சீர்காழிகிட்ட உடைஞ்சா எவன் ஒட்டுவான்? ஸ்டீல்னா எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலயும் பத்த வெச்சுக்கலாம். பாரமும் தாங்கும். ஒரே ஒரு எதிரி இந்தக் கடல் காத்து. வெளியில பெயின்ட் பளபளன்னு இருக்கும், உள்ளே துரு அரிச்சுக்கிட்டே இருக்கும். அதான் குழாய்க்குள்ள எண்ணெய் விட்டு ஊற வெச்சிருக்கேன். உள்ளே என்ன நடக்குதுன்னு யாருக்குத் தெரியும், சொல்லு?"

"அதானே," என்றான் பாரத்.

அவன் ஏறி உட்கார்ந்ததும் காவேரி ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். பெரிய சிவப்புப் பொட்டில் ஒன்றைப் பிய்த்து அவன் டீ-ஷர்ட்டின் பின்பக்கம், இடுப்பெலும்பு தட்டுப்படும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். இன்னொன்றை அந்தப் பக்கம்.

"அசையாதே."

"அசையல. மூச்சுதான் விடறேன்."

"அதையும் கொஞ்சம் கம்மியா விடு." அவள் காது சிவந்திருந்தது. "மிதி. நான் பின்னாலேருந்து வீடியோ எடுக்கறேன். சீட் உயரம் சரியா இருந்தா ரெண்டு பொட்டும் ஆடாம நிக்கும்."

மிதித்தான். இரண்டு அட்டை வைத்திருக்கிறோம், தப்பித்துவிடுவோம் என்றுதான் நினைத்தான். பத்துச் சுற்று போவதற்குள் புரிந்துவிட்டது. நடக்கும்போது பாரம் குதிகாலில் விழும். பெடலை மிதிப்பதோ முன்பாதம். குதிகாலுக்கு அடியில் மாடியே கட்டினாலும் இங்கே பிரயோஜனமில்லை. இடது பெடல் கீழே போகும்போதெல்லாம் எட்டிப் பிடிக்க இடுப்பு அந்தப் பக்கமாகச் சரிந்தது. நிறுத்த நினைத்தாலும் நிற்கவில்லை.

காவேரி வீடியோவைப் பார்த்தாள். திரும்பப் போட்டுப் பார்த்தாள். வலது பொட்டு நின்றது. இடது பொட்டு முங்கி முங்கி எழுந்தது.

"சீட்டு சாஞ்சிருக்கு," என்றாள். ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். சாயவில்லை. சீட்டைக் கொஞ்சம் இறக்கினாள். இப்போது வலது முட்டி அளவுக்கு மேல் மடங்கியது, இடது பொட்டு அப்போதும் முங்கியது. அவனை இறங்கச் சொல்லிவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரம் உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டிலுக்குக் கீழே சுற்றி இழுத்து வந்து மறுபக்கம் முடிந்தாள். நடுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தாள்.

"சமமாத்தான் இருக்கு. அப்ப பெடல் தண்டு வளைஞ்சிருக்கும்."

"காவேரி, விட்டுடேன். பரவால்ல, நான் இப்படியே ஓட்டறேன்."

"என்ன பரவால்ல? நாளைக்கு இடுப்பு பிடிச்சுக்கிட்டா உங்கம்மா என்னைக் கேப்பாங்க." சுவரில் தொங்கிய தன்னுடைய சைக்கிளை இறக்கி, அதன் பெடல் தண்டைக் கழற்றி இதில் பூட்டினாள். நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்ததில் புருவத்துக்கு மேலே கிரீஸ் தீற்றிக்கொண்டது. பாரத் கூடவே குந்தி, கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். 'இப்போது சொல்லிவிடு' என்று ஒரு மனசு. 'தாலி ஏறட்டும்' என்று அம்மாவின் குரல். சொல்ல வாயைத் திறந்தபோது துரைராஜ் காபி கொண்டுவந்தார். வாயை மூடிக்கொண்டு காபியைக் குடித்தான்.

மறுபடி ஏறினான், மிதித்தான். பொட்டு முங்கியது.

காவேரி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஃபிரேம்தான். எங்கேயோ மோதி வளைஞ்சதை நிமிர்த்தி, மேலே பெயின்ட் அடிச்சு நம்ம தலையில கட்டிட்டாங்க. நூலுக்குக்கூடத் தெரியாத மாதிரி நிமிர்த்தியிருக்காங்க. உனக்குன்னு பாத்துப் பாத்து எடுத்தேன், பாரத்." கண் கலங்கியிருந்தது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆன்ட்டி, நான் காவேரி பேசறேன். அந்தப் பச்சை சைக்கிள் எங்கேயாவது மோதியிருக்கா? உண்மையைச் சொல்லுங்க."

"இன்னாமா கேக்குற?" அன்வரி பேகத்தின் குரல் பதறியது. "மோதவும் இல்ல, கீய வுழவும் இல்ல. ரெஹான் அத்த கண்ணு மாரி வெச்சினு இருந்தான். ஊருக்குப் போற அன்னிக்கிகூட தொட்ச்சிட்டுத்தான் ஏர்போர்ட்டுக்கே போனான்."

"ஓட்டிப் பாத்தா ஃபிரேம் வளைஞ்ச மாதிரி இருக்கே, ஆன்ட்டி. வாங்கறப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல? மறைச்சிட்டீங்களே."

அன்வரி பேகத்தின் குரல் இறங்கியது. "வோணாம்னா கொண்டாந்து குட்த்துடும்மா, வாங்கிக்கிறேன். ஆனா மறைச்சேன்னு மட்டும் சொல்லாத. நானும் புள்ளயும் அப்டி ஆளு இல்லம்மா."

பாரத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. சைக்கிளிலிருந்து இறங்கினான்.

"ஃபிரேம் நல்லாத்தான் இருக்கு, காவேரி. என் கால்தான்."

"என்ன?"

அவன் தரையில் உட்கார்ந்து இடது சாக்ஸை உருவினான். இரண்டு அட்டைகளும் வழுக்கிக்கொண்டு வெளியே விழுந்தன. எழுந்து வெறுங்காலோடு நின்றான். இடது தோள் இறங்கியது. "காலேஜ்ல ஆக்ஸிடென்ட். ரெண்டு சென்டிமீட்டர் குட்டை. சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். தப்பு."

காவேரி அவன் காலைப் பார்த்தாள், அட்டைகளைப் பார்த்தாள், தன்னுடைய பிரித்துப்போட்ட சைக்கிளைப் பார்த்தாள்.

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

அவள் போனை அவனிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க."

அப்பா பக்கத்தில் இல்லாதபோதும் 'நீங்க'. வாங்கிக்கொண்டான். "ஆன்ட்டி, நான் காவேரியைக் கட்டிக்கப் போற பையன். சைக்கிள் மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்கு ஒரு கால் குட்டை. இவங்ககிட்ட மறைச்சிட்டேன். அதனால உங்களைச் சந்தேகப்பட வேண்டியதாயிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"அட, அவ்ளோதானா நைனா? நா இன்னாமோ ஏதோன்னு பேஜாராய்ட்டேன்!" பெருமூச்சு கேட்டது. "மன்னிப்பெல்லாம் எங்கிட்ட இன்னாத்துக்கு? அந்தப் பொண்ணாண்ட கேளு, போ."

போனை அணைத்து அவளிடம் நீட்டினான்.

"காலு எனக்கு ஒரு விஷயமே இல்ல," என்றாள் காவேரி, அதை வாங்கிக்கொண்டு. "ஆனா நான் காலையிலேருந்து நூலைப் பிடிச்சுக்கிட்டு, என் சைக்கிளைப் பிரிச்சுப் போட்டு, பைத்தியக்காரி மாதிரி தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க ஸ்பானர் எடுத்துக் குடுத்துக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அதை என்னால தாங்க முடியல."

"அம்மா பயந்துட்டாங்க" என்று சொல்லியிருக்கலாம். அம்மாவைக் காட்டிக்கொடுத்துத் தான் நல்லவனாக அவனுக்கு விருப்பமில்லை.

"அப்பாவுக்குத் தெரியணும். நான் சொல்ல மாட்டேன்."

பாரத் சாக்ஸைத் திரும்பப் போடவில்லை. ஹாலுக்கு நடந்தான். மறைக்காமல் நடந்து பழக்கம் விட்டுப்போய், எட்டு வைப்பதே புதிதாக இருந்தது. துரைராஜ் பேப்பரிலிருந்து தலைதூக்கி, அவன் நடை முழுவதையும் பார்த்தார். நின்றபடியே சொல்லி முடித்தான். விபத்து, கம்பி, குட்டையாகச் சேர்ந்த எலும்பு, ஷூ, சாக்ஸ், எதையும் விடவில்லை.

அவர் பேப்பரை மடித்து வைத்தார். "நீங்க இங்கே சொன்னது உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது, அங்கிள்."

"கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல." பால்கனிக் கதவில் சாய்ந்து நின்ற மகளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"எனக்குக் கோபம் இருக்குப்பா. நிறைய இருக்கு." காவேரி கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நிச்சயதார்த்தத்துக்குள்ள குறைஞ்சிடும்னு நெனைக்கிறேன். அதுக்குள்ள அந்த இடது பெடல் மேல ஒரு கட்டை வெச்சு முடுக்கணும். ரெண்டு சென்டிமீட்டர் முழுசா வெக்கக் கூடாது, கம்மியா ஆரம்பிச்சு உடம்பு பழகப் பழக ஏத்தணும். அப்புறம்தான் சீட் உயரம் வெக்க முடியும். யாரும் இப்ப வீட்டுக்குக் கிளம்ப வேணாம்."

துரைராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாரத்திடம் திரும்பினார். "முதல்ல உங்கம்மாவுக்குப் போன் போடுங்க. பாவம், அவங்க நிச்சயத்தன்னிக்கு எங்க முகத்தைப் பாத்துப் பேசணும் இல்ல?"

பாரத் அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, சொல்லிட்டேன்."

அன்புக்கரசியின் குரல் உடைந்தது. "பாவி, என்னடா சொன்னாங்க? வேண்டாம்னுட்டாங்களா? நான் வேணா வந்து அவங்க காலில்..."

அவன் பதில் சொல்வதற்குள் துரைராஜ் கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"வணக்கம் சம்பந்தியம்மா," என்றார். "பதறாதீங்க, உக்காருங்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் வர்றீங்கன்னு சமையல்காரர் கேட்டுக்கிட்டே இருக்கார். சொன்னீங்கன்னா அவர்கிட்ட சொல்லிடுவேன்."